ஒரே ஆள் இருக்கும் பிரிவு

சலவை நிறுவனத்தில் எல்லோரும் அவளைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவளிடம் ஒரு மேசை இழுப்பறைச் சாவிகூடக் கிடையாது. அவள் மேசைக்கு இழுப்பறையே கிடையாது. அவள் பூட்டுவதெல்லாம் கணினிக்குள்.

மருத்துவமனைப் படுக்கை விரிப்பு, விடுதித் துண்டு, தொழிற்சாலைச் சீருடை என்று ஊர் அழுக்கெல்லாம் லாரி லாரியாக அந்த நிறுவனத்தின் பதினொரு கிளைகளுக்கு வந்து, வெளுத்து, மடிந்து, திரும்பிப் போகும். தலைமை அலுவலகம் முதல் கிளையின் மாடியில். கீழே பிழியும் இயந்திரங்கள் வேகம் எடுக்கும்போது மாடியில் தரை அதிரும். சாவியின் தேநீரில் வட்டம் வட்டமாக அலை வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கோ அந்த அதிர்வு நின்றால்தான் பக்கென்றிருக்கும்.

எந்தக் கிளை எத்தனை கிலோ துவைத்தது, எந்த இயந்திரம் மக்கர் செய்தது, எத்தனை துண்டு கறை போகாமல் திரும்பி வந்தது, எல்லாம் வரி வரியாக அவளிடம் வந்து சேரும். அதை அறிக்கையாக்குவது அவள் வேலை. அறிக்கை ஒன்றுதான். ஆனால் திறந்து பார்க்கிற பதினொரு கிளைப் பொறுப்பாளர்களுக்கும் பதினொரு விதமாகத் தெரியும். மூன்றாம் கிளைக்காரருக்கு மூன்றாம் கிளையின் வரிகள், ஐந்தாம் கிளைக்காரருக்கு ஐந்தாம் கிளையின் வரிகள். ஒரே ஜன்னல்தான், எட்டிப் பார்க்கிற ஆளுக்கு அவரவர் வீட்டு வாசல் மட்டும் தெரிகிற ஜன்னல். இதற்குக் கணினிக்காரர்கள் வாய் நிறைய ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் சுருக்கமாக வரிப்பூட்டு.

பூட்டு வருவதற்கு முன்னால் பொறுப்பாளர் கூட்டம் சந்தைக்கடையாக இருந்ததாம். "உங்க கிளையில இருந்து போன துண்டெல்லாம் கறையோட திரும்பி வந்துச்சாமே, அதைப் பேசுங்க முதல்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் அவருடைய பழைய கதையைத் தோண்டுவார். ஊர்த் துணியைத் துவைக்க வந்தவர்கள் ஒருவர் அழுக்கை ஒருவர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாவி வந்து பூட்டிய பிறகுதான் கூட்டம் கூட்டமாக நடந்தது.

மூன்றாம் கிளைப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான். இருவரும் அந்த மாடியில்தான் சந்தித்துக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் அவன் முயற்சியை விடவில்லை.

"அஞ்சாம் கிளைக்காரன் போன மாசம் எவ்வளவு போட்டான்? ஒரு குத்துமதிப்பா சொல்லேன்."

"உங்களுக்கு அந்த வரி கிடையாதுங்க."

"என்னைவிட மேலயா, கீழயா? அதை மட்டும் சொல்லு."

"கிடையாதுன்னா கிடையாது."

"நான் உன் புருஷன்."

"வீட்டுக்குப் புருஷன். அங்க நீங்க மூணாம் கிளை."

அவனும் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு முறை மூன்றாம் கிளை மூட்டைகளும் ஐந்தாம் கிளை மூட்டைகளும் ஒரே லாரியில் ஏறின. லாரியின் மொத்த எடை ரசீதில் இருந்தது. அதிலிருந்து தன் எடையைக் கழித்தான். எதிராளியின் எடை கையில் வந்து விழுந்துவிட்டது. அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அந்த எண்ணை அவளிடம் சொல்லி, "சரியா?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்?"

"உன் மூக்கு துடிக்குது. சரிதான்."

எட்டாவது படிக்கும் மகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறினாள்.

சாவி வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. அவள் பயன்படுத்துகிற கருவியில் 'இன்னொருவராகப் பார்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆள் திறந்தால் என்ன தெரியுமோ அது தெரியும். பூட்டு போடுகிறவளுக்கு எல்லா வரியும் எப்போதும் தெரியும் என்பதால் தன் கண்ணை வைத்துப் பூட்டைச் சோதிக்க முடியாது. பிறத்தியார் கண்ணை வாங்கித்தான் பார்க்க வேண்டும். எந்த அறிக்கையையும் வெளியே விடுவதற்கு முன் அவள் பதினொரு பேராகவும் ஒரு சுற்று பார்ப்பாள். பிறகு இன்னொரு சுற்று. கிளம்பும்போது மூன்றாவது சுற்று. கணவனைக் கடைசியில் வைத்துக்கொள்வாள். "இவ பூட்டினா பூட்டினதுதான்" என்று மேலாளர் நாலு பேர் முன்னால் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பழக்கம் எந்த நாளில் அலுவலகத்திலிருந்து அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதலில் அடுப்புக் குமிழ். பிறகு வாசல் பூட்டு. பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், இரண்டு படி இறங்குவாள், ஏறி வந்து இழுப்பாள். நாலு இழுப்பு இழுத்தால்தான் மனசு ஆறும். கணவன் ஸ்கூட்டரை உறும விட்டுக்கொண்டே, "பூட்டு பாவம், விட்டுடு" என்பான். விருந்தாளி வந்தால் இழுத்துக் காட்டி நடித்துச் சிரிக்க வைப்பான். அவளும் சிரிப்பாள். "பூட்டியாச்சில்ல?" என்று அவனைக் கேட்பாள். "ஆச்சு, ஆச்சு" என்பான். அந்த 'ஆச்சு' தெருமுனை வரைக்கும்தான் தாங்கும்.

ஒருநாள் பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்பச் சொன்னாள். திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதே இடம் வந்ததும் மறுபடி திருப்பச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே திருப்பினான். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கை அவன் சட்டையைப் பிடித்தபடி நடுங்கியது அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் தனியாக ஒரு மனநல மருத்துவரிடம் போகத் தொடங்கினாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, வழக்கம் போலச் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி, அலுவலக வாசலில் அவன் இறக்கிவிட்டதும் பின்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாள். விடுப்புக்குக் காரணம் கேட்கும் இடத்தில் 'உடல்நலம்' என்று போட்டிருக்கலாம். நிறுவனம் அந்த வருடம்தான் 'மனநலம்' என்று ஒரு காரணத்தைப் பெருமையோடு சேர்த்திருந்தது. அவள் அதைத்தான் போட்டாள். தரவில் பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவன் கத்த மாட்டான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு இழுப்பு வேடிக்கை அன்றோடு நின்றுவிடும். அது நின்ற இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்பதுதான் தெரியவில்லை.

மருத்துவர் நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "ஒரு தடவை பாருங்க. அதுக்கு மேல கை அரிக்கும். அரிக்கட்டும், அதுவா அடங்கும். முக்கியமா, பூட்டியாச்சான்னு யாரையும் கேக்காதீங்க. அவங்க ஆமான்னு சொன்னா, நாளைக்கும் கேக்கத் தோணும்."

"ஆபீஸ்ல பார்க்கிறதே என் வேலை டாக்டர்."

"அங்கயும் ஒரு தடவை பார்த்துப் பழகுங்களேன்."

இந்த நிலையில்தான் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. சில கிளைகளில் வேலை பின்தங்குகிறது. ஆட்கள் விடுப்பில் போவதாலா, இயந்திரத்தாலா? சலவைத் தரவும் விடுப்புத் தரவும் அதுவரை தனித்தனியாக இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒரே அறிக்கையாகத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாப் பொறுப்பாளருக்கும் காட்ட வேண்டும்.

"ஒட்டுப்போடறதுதானே, சாவி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதா?"

முடியும். இரண்டு வீட்டை ஒன்றாக்கினால் இரண்டு வீட்டுப் பூட்டும் தானாகப் புது வாசலுக்கு வந்துவிடாது; ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். அவள் மாட்டினாள். ஆட்களின் பெயர் உள்ள விடுப்பு வரிகளை அந்தந்தக் கிளைக்கு மட்டும் திறந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் கேட்டதால், நிறுவனம் முழுவதற்கும் ஒரு சுருக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்தாள். இன்ன பிரிவு, இன்ன காரணம், இத்தனை நாள். அதில் பெயரே கிடையாது. பெயர் இல்லாததற்கு எதற்குப் பூட்டு?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. பதினொரு பேராகவும் ஒரே ஒரு சுற்று பார்த்தாள். ஒரு வரிகூட வேலி தாண்டவில்லை. கணினியை மூடி, மருத்துவர் சொன்னபடி எழுந்து நடந்தாள்.

படிக்கட்டின் திருப்பத்தில் கை அரித்தது.

சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே இயந்திரங்கள் பிழிந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு தடவை பார், என்றது மனசு. ஒரு தடவை போதும், என்றது மருத்துவரின் குரல். போகட்டும், அரித்து அடங்கட்டும் என்று ஒரு படி இறங்கினாள். அப்போதுதான் அரிப்புக்குப் பக்கத்திலிருந்து வேறொன்று தலை நீட்டியது. வழக்கமாக வருவது 'பூட்டினோமா?' என்ற கேள்வி. இது அதில்லை. 'லாரி எடையைக் கழித்தவர் திங்கட்கிழமை இதைப் பார்த்தால் என்ன செய்வார்?' என்பது.

அந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதே இல்லை. இத்தனை வருடமும் அவள் வாங்கியது கணவனின் கண்ணை மட்டும். அவன் மூளையை வாங்கிப் பார்த்ததில்லை.

ஏறிப் போனாள். கணினியைத் திறந்து, மூன்றாம் கிளைப் பொறுப்பாளராக உட்கார்ந்தாள்.

இடது பக்கம் சலவைத் தரவிலிருந்து வந்த அட்டவணை. எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது அதில் ஒரு பத்தி. அது ரகசியமே இல்லை. எப்போதும் எல்லோரும் பார்ப்பதுதான். வலது பக்கம் விடுப்புச் சுருக்கம். அதுவும் தனியாக யாரையும் காட்டிக்கொடுக்காது. இரண்டும் தனித்தனியாக இருந்தவரை இரண்டும் ஊமை. இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசின. தையல் பிரிவு, ஆள் ஒன்று. கொதிகலன் பழுதுப் பிரிவு, ஆள் ஒன்று. அவர்களுடைய காரணங்களைப் படிக்காமல் கண்ணை இறக்கினாள். பார்க்க முடிவது வேறு, பார்ப்பது வேறு என்று பிழைக்கிறவள் அவள்.

அதற்கும் கீழே தரவுப் பிரிவு. ஆள் ஒன்று. காரணம் மனநலம். நாட்கள் ஆறு.

கழிக்கக்கூட வேண்டாம். அவள் கணவன் தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் கண்டுபிடித்துவிடுவான். அவனோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர், ஒரே மேசையில், ஒரே நேரத்தில். சாப்பாட்டுப் பெட்டியோடு தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அந்த ஆறு நாளும் எங்கே போனாள் என்று அவன் எல்லோர் முன்னாலும் தெரிந்துகொள்வான்.

தன்னுடைய வரியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. சுட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்கு மேலே தையற்காரியும் கொதிகலன்காரரும் திறந்த வாசலில் நின்றிருந்தார்கள். எடுக்கவில்லை. மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கூட்டத்துக்கான அழைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார். "என்ன சாவி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். ஆனா இப்படியே விட முடியாது. அஞ்சு பேருக்குக் கம்மியா இருக்கிற பிரிவையெல்லாம் ஒண்ணா சேர்த்துதான் காட்டணும்."

"ஏன், பூட்டு விழலையா?"

"பூட்டெல்லாம் விழுந்திருக்கு. பூட்டின வீட்டுக்குள்ள யாருன்னு வெளியில நின்னே தெரியுது."

"அதுல பேரே இல்லையேம்மா."

"ஆள் இருக்காங்க மேடம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "பிரிவைச் சேர்த்துட்டா அப்புறம் ஒப்பிடறதுக்கு என்ன இருக்கு? சின்னப் பிரிவுலதான் எனக்குப் பிரச்சனையே. நீ எப்பவும் ஒரு பூட்டு அதிகமாத்தான் போடுவ. அது நல்லதுதான், வேண்டாங்கல. ஆனா இது உன் மனபயம். யாருக்கு என்ன ஆயிடும்? ஒரு உதாரணம் சொல்லு."

மனபயம் என்ற சொல் அவளைத் தொட்டுவிட்டுப் போனது. அதுதானோ? படிக்கட்டில் அரித்ததும் இதுவும் ஒன்றுதானோ? ஒரு கணம் அவளுக்கே நிச்சயமாக இல்லை. உதாரணம் சொல்லலாம். தையற்காரியைச் சொல்லலாம், சொல்ல அவள் வரியைத் திறந்து படிக்க வேண்டும். கொதிகலன்காரரைச் சொல்லலாம், அதற்கும் அதே கதைதான். பூட்டுக்காக வாதாட வந்தவள் பிறத்தியார் கதவைத் திறந்து காட்டியா வாதாடுவது? திறக்க அவளுக்கு உரிமை உள்ள கதவு ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம டேட்டா செக்‌ஷன்ல எத்தனை பேர் மேடம்?"

"நீ ஒருத்திதான்."

"அந்த வரியைப் படிங்க."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறிக்கையைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே தேடி, படித்தார். ஒரு முறைதான் படித்தார். பிறகு திரையை அவள் பக்கமிருந்து தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார், அவளுக்கே அதைக் காட்டக் கூடாது என்பது போல.

"நீ பல் டாக்டர்கிட்ட போறதா நினைச்சுட்டிருந்தேன்" என்றார் கடைசியில்.

"பல்லுக்கு யாரும் ஆறு நாள் போக மாட்டாங்க மேடம்."

"என் பல்லை நீ பார்த்ததில்ல." கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. "வீட்ல தெரியுமா?"

"தெரியாது. திங்கட்கிழமை தெரிஞ்சிருக்கும்."

மேலாளர் அறிக்கையை மூடினார். "சேர்த்துடு. கூட்டத்துல யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. தனி ஆள் பிரிவு ஒன்றை மட்டும் மறைத்தால், மொத்தத்திலிருந்து மற்றதையெல்லாம் கழித்து எடுத்துவிடுவான் அவள் வீட்டுக்காரன். மறைப்பதென்றால் கூட்டத்தோடுதான் மறைக்க வேண்டும். தையல், கொதிகலன், தரவு மூன்றையும், கூடவே வாசல் காவல், வண்டிப் பராமரிப்பு என்று சிறிய பிரிவுகளையும் சேர்த்து 'மற்றவை' என்று ஒரே வரியாக்கினாள். அந்த வரியில் பதினான்கு பேர் தோளோடு தோள் நின்றார்கள். யார் எந்தக் கவலைக்காக விடுப்பு எடுத்தார் என்று கணவனின் கண்ணாலும் மூளையாலும் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஒரு தடவைதான் பார்த்தாள்.

இப்போது அவன் அங்கிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, மேலாளருக்குத் தெரிந்துவிட்ட ஒன்று அவனுக்குத் தெரியாது என்பது காலணிக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. அலுவலகத்துப் பூட்டை அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள். வீட்டுப் பூட்டையும் அவளேதான் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் துணி எடுத்தார்கள். படுக்கை விரிப்பை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை; நுனியோடு நுனி மயிரிழை பிசகாது. அவன் இரண்டு முனையைப் பிடித்தான், அவள் இரண்டு முனையைப் பிடித்தாள். உதறினார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அஞ்சாம் கிளை எடையா?"

"நான் ஒரு டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டர். அந்தப் பூட்டு விஷயத்துக்குத்தான்."

விரிப்பு நடுவில் தொய்ந்தது. அவன் முனைகளை விடவில்லை.

"எந்தப் பூட்டு விஷயம்?"

"நாலு தடவை இழுக்கிறேனே. நீங்க நடிச்சுக் காட்டுவீங்களே, அது. எனக்கு அது விளையாட்டு இல்லைங்க. இழுக்காம வந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

அவன் நடந்து வந்து தன் முனைகளை அவள் முனைகளோடு சேர்த்தான். மடிப்பு கோணிக்கொண்டது. கல்யாணமானதிலிருந்து அவன் கையில் ஒரு விரிப்பு கோணியது அதுதான் முதல் தடவை.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. லீவு போட்டுப் போனேன். நீங்க ஆபீஸ் வாசல்ல விட்டதும் பின்பக்கமா போய் பஸ் பிடிப்பேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மேடத்துக்கு. நேத்துதான். வேலை விஷயமா சொல்ல வேண்டியதாப் போச்சு."

"மேடத்துக்குத் தெரிஞ்ச அப்புறம்தான் எனக்கா?"

அவன் கோணல் மடிப்பைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவளுடைய முனைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்னோக்கி நடந்து, உதறினான். இரண்டாவது மடிப்பில் நுனிகள் சேர்ந்ததும் கேட்டான்.

"அங்க போய் என்ன பேசுவ?"

"ஏதேதோ."

"என்னைப் பத்தியா?"

"உங்களுக்கு அந்த வரி கிடையாது."

அவன் முகம் சிரிக்கலாமா என்று ஒரு கணம் அனுமதி கேட்டது. அவளே முதலில் சிரித்ததும் அவனும் சிரித்தான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, "நான் இனிமே அதை நடிச்சுக் காட்டல" என்றான்.

"காட்டுங்க. நல்லாத்தான் பண்றீங்க. ஆனா நான் பூட்டியாச்சான்னு கேட்டா மட்டும் பதில் சொல்லாதீங்க. டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க ஆமான்னு சொன்னா அது எனக்கு மருந்தில்லையாம்."

"சும்மா நிக்கணுமா?"

"சும்மா நிக்கணும்."

"அது கஷ்டமாச்சே" என்றான். அவள் இழுப்பதைப் பார்த்துச் சிரித்தே பழகியவனுக்குச் சும்மா நிற்பது கஷ்டம்தான்.

திங்கட்கிழமை காலை. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாவி வாசலைப் பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இறங்கினாள். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. உறுமவில்லை, சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கை அரித்தது. அது சொல்லுகிற கேள்வியை அவள் நன்றாகக் கவனித்துக் கேட்டாள். படிக்கட்டுத் திருப்பத்தில் வந்த கேள்வி மாதிரி இது இல்லை. அது பார்க்காததைப் பார்க்கச் சொன்னது. இது பார்த்ததையே பார்க்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே கையில்தான் அரிக்கும் போலிருக்கிறது. எது எதுவென்று ஒவ்வொரு தடவையும் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்தும், வாய் கேட்டுவிட்டது.

"பூட்டியாச்சில்ல?"

அவன் கழுத்து கதவுப் பக்கம் திரும்பப் போனது. பாதியில் நின்றது. நேராகத் தெருவைப் பார்த்தான்.

"எனக்கு அந்த வரி கிடையாது" என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. இந்தத் தடவை அது அவனுக்குத் தெரிந்தது. வண்டியை மெதுவாக எடுத்தான்.